மறதி அதிசாரமா?

சென்ற ஆண்டு தசலக்ஷண பர்வத்தில், மாலை ஸ்வாத்தியாயம் முடிந்து எல்லோரும் எழுந்த பின், ஒரு சகோதரி மட்டும் தூணோரம் அமர்ந்திருந்தார். பல ஆண்டுகள் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்தவர். அன்று நாம் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தைப் படித்து, சாமாயிக விரதத்திற்கு உரிய ஐந்து அதிசாரங்களை விளக்கியிருந்தோம். மனம், மொழி, மெய் மூன்றும் தவறான வழியில் செல்லுதல் மூன்று. ஆர்வமின்மை நான்காவது. நினைவு நிலைபெறாமை ஐந்தாவது. அந்த ஐந்தாவதைப் பற்றித்தான் அவர் கேட்டார்.

"ஐயா, சாமாயிகத்தில் உட்கார்ந்தால் மந்திரத்தை எத்தனை முறை சொன்னேன் என்பது மறந்துபோகிறது. சில நாள் காலையில் சாமாயிகம் செய்தேனா இல்லையா என்பதே தெரியவில்லை. இது அதிசாரம் என்றால், நான் ஒவ்வொரு நாளும் விரதத்தைக் குறைப்படுத்திக்கொண்டே இருக்கிறேனா?"

நாம் அவசரப்பட்டு விடை சொல்லிவிட்டோம். மனம் வெளியே ஓடுவதனால் மறதி வருகிறது, முயற்சியைக் கூட்டினால் நினைவு நிற்கும் என்றோம். அவர் தலையை அசைத்துவிட்டு எழுந்து போனார். அவருக்குப் பல ஆண்டுகளாக மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோய் உண்டு என்பதைப் பிறகுதான் அவருடைய கணவர் சொல்லக் கேட்டோம். கால் தடுமாற்றம் சிறிதளவே. பார்ப்பவர் எவரும் அவரை நோயாளி என்று சொல்லமாட்டார். அவர் வேலையை விட்டதற்குக் காரணம் காலன்று. கரும்பலகையில் பாதிக் கணக்கை எழுதிவிட்டு மீதியை எங்கே தொடர்வது என்று தெரியாமல் நின்றதே காரணம்.

தவறான மருந்து கொடுத்த வைத்தியன் நிலையில் நாம் இருந்தோம். அதன் பிறகு நோயைப் பற்றியும் சாத்திரத்தைப் பற்றியும் படித்தும் கேட்டும் அறிந்துகொண்டவற்றை ஈண்டு எழுதுகிறோம்.

நம் மூளையிலும் தண்டுவடத்திலும் ஓடும் நரம்பு இழைகளின் மேல் மயலின் என்னும் கொழுப்பு உறை ஒன்று சுற்றப்பட்டிருக்கிறது. உறையில்லாத மெல்லிய இழையில் செய்தி விநாடிக்கு 1 அல்லது 2 மீட்டர் தூரமே செல்லும். நல்ல உறையுள்ள தடித்த இழையில் அதே செய்தி விநாடிக்கு 100 மீட்டர்கூடச் செல்லும். உறையில் சிறு சிறு இடைவெளிகள் இருக்கின்றன. செய்தி ஓர் இடைவெளியிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவிச் செல்வதனால் இந்த வேகம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில், உடலைக் காக்க வேண்டிய தற்காப்பு ஆற்றலே இந்த உறையைப் பகையென்று கருதித் தாக்குகிறது. தாக்குண்ட இடங்கள் தழும்பேறிக் கெட்டிப்படுகின்றன. பல இடங்களில் இவ்வாறு கெட்டிப்படுதல் என்பதே அந்தப் பெயரின் பொருள். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு மிகுதியாக வருகிறது.

இந்நோயைத் தனி நோயாகப் பிரித்து 1868-இல் விளக்கியவர் பாரிஸ் நகரத்துச் சால்பெத்ரியேர் மருத்துவமனையின் ஜான் மார்ட்டின் ஷார்கோ. நோயாளிகளின் நினைவு தளர்வதையும் எண்ணங்கள் மெதுவாக உருவாவதையும் அவரே குறித்திருக்கிறார். அவரைப் பற்றி ஒரு செய்தி உண்டு. கை நடுக்கத்தால் எங்கும் வேலை கிடைக்காத ஒரு பணிப்பெண்ணை அவர் தம் வீட்டில் வைத்துக்கொண்டார். ஆண்டுக்கணக்கில் அவள் உடைத்த தட்டுகளுக்கும் பாத்திரங்களுக்கும் ஒரு சிறு சொத்தே செலவாயிற்றாம். அவள் இறந்த பின் உடலை ஆராய்ந்து, அந்த நடுக்கத்திற்குக் காரணம் இந்நோயே என்று மெய்ப்பித்தார். ஷார்கோ 1893-இல் மறைந்தபோது, அவரிடம் பயின்ற சிக்மண்ட் பிராய்டு எழுதிய இரங்கலுரையில் இச்செய்தி இருக்கிறது. அவர் அவளை வைத்துக்கொண்டது இரக்கத்தினாலா, ஆராய்ச்சி ஆர்வத்தினாலா என்று நமக்கு ஓர் ஐயம் எழுகிறது. இரண்டும் கலந்திருக்கலாம். எப்படியாயினும் தட்டு உடைந்த ஒவ்வொரு முறையும் அவள் மேல் குற்றம் சுமத்தப்பட்டிருந்தால் அவள் அந்த வீட்டில் அத்தனை ஆண்டுகள் இருந்திருக்க முடியாது.

தட்டு உடைவதை எல்லோரும் பார்க்கிறார்கள். எண்ணம் உடைவதை யாரும் பார்ப்பதில்லை. ஷார்கோ எழுதி வைத்தும், அவருக்குப் பின் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் இந்நோயைக் கைகால் நோயாகவே உலகம் கருதிவந்தது. நோயின் கடுமையை அளக்க 1983-இல் ஜான் கர்ட்ஸ்கே வகுத்து இன்றும் வழக்கில் உள்ள அளவுகோலும் பெரும்பகுதி நடையையே அளக்கிறது. 1991-இல் அமெரிக்காவில் ஸ்டீபன் ராவ் என்பாரும் அவருடைய குழுவினரும் நோயாளிகள் நூறு பேரையும் நலமுள்ளவர் நூறு பேரையும் ஒப்பிட்டுச் சோதித்தனர். நூற்றுக்கு ஏறத்தாழ 43 நோயாளிகளுக்கு அறிவுத்திறன் குறைபாடு இருப்பதாகக் கண்டனர். அதன் பின்னரே மருத்துவ உலகம் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டது. பின்வந்த ஆய்வுகள் நூற்றுக்கு 40 முதல் 65 வரை என்கின்றன.

இந்தக் குறைபாட்டின் இயல்பு முதியோர்க்கு வரும் மறதி நோயைப் போன்றதன்று. பேச்சு பெரும்பாலும் கெடுவதில்லை. பழைய கல்வியும் பொது அறிவும் பெரும்பாலும் இருந்தபடியே இருக்கின்றன. முதலில் குறைவது வேகம். ஒன்பது குறிகளுக்கு ஒன்பது எண்களைக் கொடுத்து, 90 விநாடிகளில் எத்தனை குறிகளுக்கு எண் சொல்ல முடிகிறது என்று பார்க்கும் ஒரு சோதனை உண்டு. மருத்துவர்கள் பெரிதும் நம்புவது அதையே. அதில் கல்வி அறிவு தேவையில்லை. எண் தெரிந்தால் போதும். ஆயினும் படித்தவரே தடுமாறுகிறார்கள். அடுத்துக் குறைவது புதியதை ஏற்கும் திறன். இங்கே நமக்கு வியப்பளித்த செய்தி ஒன்று உண்டு. 1990-களில் நடந்த ஆய்வுகளில், நோயாளிகளுக்கு ஒரு சொற்பட்டியலைப் பிறரைவிடக் கூடுதல் முறை திரும்பத் திரும்பச் சொல்லிக் கற்பித்தபோது, அவர்களும் ஏனையோர் அளவுக்குக் கற்றார்கள். அப்படிக் கற்றதைப் பின்னர் ஏனையோரைப் போலவே நினைவுகூர்ந்தார்கள். ஆகவே பலரிடம் குறை, வைத்ததை இழப்பதில் அன்று, வைப்பதில்தான்.

மதிஞானம் படிப்படியாக எழுவதை நம் ஆகமம் நான்காக வகுத்திருப்பதை வாசகர் அறிவர். ஒரு பொருளை முதலில் பற்றுவது அவக்கிரகம். இது என்னவாக இருக்கும் என்று நாடுவது ஈஹை. இதுவே என்று துணிவது அவாயம். துணிந்ததை மறவாமல் வைத்துக்கொள்வது தாரணை. சாதாரணமாக இந்த நான்கும் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்துவிடுவதால் இவற்றின் வரிசை நமக்குத் தெரிவதில்லை. மேற்சொன்ன சகோதரியிடம் அவை வேகம் குறைந்து நடக்கின்றன. ஈஹை முடிவதற்குள் அடுத்த சொல் வந்து விழுகிறது. அவாயம் வராத இடத்தில் தாரணை எப்படி வரும்? மறந்தார் என்று நாம் சொல்வதில் பாதி, அவருக்குள் சென்று சேரவே இல்லாதவை. விஞ்ஞானம் சொல்வதெல்லாம் ஆகமத்தில் முன்பே இருக்கிறது என்று மார்தட்டும் வழக்கம் நமக்கு உடன்பாடன்று. ஆகமம் நரம்பைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அறிதல் என்பது ஒரே செயலன்று, படிகள் உடையது, இடையில் தடைபடக்கூடியது என்று பார்த்த பார்வை இங்கே நமக்கு உதவுகிறது.

இனி அவருடைய கேள்விக்கு வருவோம். சூத்திரம் மறதியை அதிசாரம் என்கிறது. நோயினால் வரும் மறதியும் அதில் அடங்குமா?

பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தி உரையில் இந்தச் சொல்லுக்கு ஒருமுகப்பாடின்மை என்று பொருள் கொள்கிறார். அதிசாரம் என்பதே விரதத்தில் வரும் தளர்ச்சியைக் குறிப்பது. தளர்ச்சி எங்கிருந்து வருகிறது? பிரமாதத்திலிருந்து, அதாவது அசட்டையிலிருந்து. இம்சைக்கு இலக்கணம் சொல்லும்போதும் ஆசாரியர் உமாஸ்வாமி உயிர் போவதை மட்டும் இம்சை என்று கூறவில்லை. அசட்டையோடு கூடிய செயலால் உயிரைப் போக்குவதையே இம்சை என்கிறார். நிலம் நோக்கி எச்சரிக்கையாக நடக்கும் முனிவரின் பாதத்தடியில் ஒரு சிற்றுயிர் எதிர்பாராமல் வந்து இறந்தால் அவருக்கு அதனால் பந்தம் இல்லை. எதுவும் இறவாவிடினும் பார்க்காமல் நடப்பவனுக்குப் பந்தம் உண்டு. மிதிபட்ட உயிருக்கு இந்த அளவுகோல் பொருந்துமானால், விடுபட்ட மந்திரத்திற்குப் பொருந்தாதா?

நாம் இதைச் சொன்னபோது, சாத்திரம் கற்ற பெரியவர் ஒருவர் மறுத்தார். அவருடைய மறுப்பு எளிதில் தள்ளக்கூடியதன்று. "மறதிக்கு நோய் காரணம், நோய்க்கு வினை காரணம் என்று விட்டுவிட்டால், கோபத்திற்கும் வினைதான் காரணம். மோகனீயம் உதயமாகிறது, கோபம் வருகிறது. அவனையும் விட்டுவிடலாமே? பிறகு விரதம் எதற்கு, பிராயச்சித்தம் எதற்கு?" என்றார்.

இரவெல்லாம் எண்ணிப் பார்த்தோம். விடை எட்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. பந்தத்திற்குக் காரணங்களாக அங்கே எண்ணப்படுபவை மித்தியாத்துவம், விரதமின்மை, பிரமாதம், கஷாயம், யோகம் என்னும் ஐந்து. அறியாமை என்று தனியே ஒரு காரணம் அதில் இல்லை. ஞானாவரணீயம் உதயமாகி அறிவு குறைவதனால் மட்டும் புதிய வினை கட்டுவதில்லை. மோகனீயத்தின் உதயமாகிய விருப்பு வெறுப்பே புதிய வினையை உயிரோடு ஒட்டவைக்கும் பசை. ஆகவே கோபமும் மறதியும் ஒரே தட்டில் வைக்கத் தக்கவை அல்ல. கோபம் அடுத்த வினைக்கு வித்து. நோயின் மறதி முன்னை வினையின் விளைவு. அது தன்னளவில் எதையும் விதைப்பதில்லை. பெரியவரும் இதை ஒப்புக்கொண்டார். ஆனால் அவர் மேலும் ஒன்று கேட்டார்: "அந்த நோயில் கோபமும் வருமாமே?"

வரும். இந்நோயில் மூளையின் முன்பகுதி தொடர்புகள் கெடும்போது எரிச்சல், ஆர்வக்குறைவு, அடக்கமுடியாத அழுகை, சிரிப்பு ஆகியவை தோன்றுவதுண்டு. உள்ளத்தில் துயரம் இல்லாமலே அழுகை பீறிடும். அது முகத்தின் செயல், கஷாயம் அன்று. ஆனால் எரிச்சல்? அதில் எவ்வளவு நரம்பின் பங்கு, எவ்வளவு உள்ளத்தின் பங்கு என்று வெளியிலிருந்து யார் பிரித்துச் சொல்ல முடியும்? அந்த எல்லையை வகுக்க நமக்குத் திறமில்லை. பிறருடைய பரிணாமத்தைத் தீர்ப்பிடும் வேலை நமக்குத் தரப்படவும் இல்லை. நம்முடைய எரிச்சலுக்கு எந்தத் தழும்பும் காரணம் இல்லை என்பது மட்டும் உறுதியாகத் தெரியும்.

முயற்சியைக் கூட்டு என்று நாம் சொன்னோமே, அதற்கும் அளவு உண்டு. தீர்த்தங்கர நாமகர்மத்திற்குக் காரணமான பதினாறு பாவனைகளில் தியாகமும் தவமும் சக்திக்கேற்ப என்றே சொல்லப்பட்டுள்ளன. சக்தியை ஒளிக்கக் கூடாது என்று உரை கூறுவதைப் பலரும் எடுத்துக் காட்டுவார்கள். இல்லாத சக்தியைக் கேட்கக் கூடாது என்பதும் அதே சொல்லில் அடங்கியிருக்கிறது. நலமுள்ளவர் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், சாமாயிகத்தில் அமர்வதற்கும், இந்தச் சகோதரி பன்னிரண்டு நிமிடம் அமர்வதற்கும் செலவாகும் சக்தியை எந்தக் கடிகாரம் ஒப்பிடும்? இந்நோயில் வரும் களைப்பு உழைத்தவனின் களைப்பன்று. காலையில் எழும்போதே வந்துவிடுவது. உடற்சூடு சிறிது ஏறினாலும் பார்வையும் நடையும் சிந்தனையும் தற்காலிகமாகத் தளரும். 1890-இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹோஃப் இதைக் கவனித்து எழுதினார். திண்டிவனத்திலும் வந்தவாசியிலும் அக்கினி நட்சத்திர நாட்களில் இவர்கள் படும் பாட்டை எண்ணிப் பாருங்கள். அந்நாட்களில் உச்சிவேளைப் பூசைக்கு வரவில்லை என்று ஒருவரைக் குறை சொல்வதற்கு முன் சற்று யோசிக்க வேண்டும்.

இதைவிட ஆழமான கேள்வி ஒன்று அந்தச் சகோதரியின் கேள்விக்கு அடியில் இருந்தது. அவர் அதைக் கேட்கவில்லை. அவருடைய கணவர்தான் வாய்விட்டுக் கேட்டார். உயிரின் இலக்கணம் உபயோகம், அதாவது அறிதலும் காண்டலும் என்கிறோம். அறிவே உயிர் என்றால், அறிவு தேயும்போது உயிரும் தேய்கிறதா? தம் மனைவி கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமற் போகிறாரா?

இதற்கு ஆகமம் சொல்லும் விடை தெளிவானது. ஒவ்வோர் இந்திரியத்தையும் திரவியம், பாவம் என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். உறுப்பின் அமைப்பும் அதைக் காத்து உதவும் கருவியும் திரவிய இந்திரியம், அவை புற்கலம். அறியும் ஆற்றலும் அதன் செயற்பாடும் பாவ இந்திரியம். அவை உயிரைச் சார்ந்தவை. மனத்தையும் இவ்வாறே திரவிய மனம், பாவ மனம் என்று பிரித்தார்கள். கண்ணுக்கு இமை உபகரணம் என்று உரைகாரர் காட்டுவர். நரம்புக்கு மேலிருக்கும் மயலின் உறையையும் அவ்வரிசையில் வைப்பது தவறாகாது என்று கருதுகிறோம். இமை புண்ணானால் கண் கூசும். அதனால் காண்பவன் குறைந்துவிட்டான் என்று யாரும் சொல்வதில்லை. ஞானாவரணீயத்தை நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி தம் கோம்மடசாரத்தில் உருவத்தின் மேல் போர்த்த துணிக்கு ஒப்பிடுகிறார். துணி தடிப்பாகலாம், உருவம் மாறுவதில்லை. துணி எத்தனை தடித்தாலும் முழுதும் மறைப்பதில்லை என்பதும் அந்நூலின் கொள்கையே. மிக நுண்ணிய நிகோத உயிருக்கும், அது பிறக்கும் கணத்திற்கூட, ஒரு துளி அறிவு எப்போதும் மறைப்பின்றி இருக்கிறது. அத்துளியும் மறைந்தால் உயிர் உயிரல்லாததாகிவிடும்; அப்படி ஒருநாளும் நிகழ்வதில்லை. நிகோதத்திற்கு மறுக்காததை, நம்மோடு உண்டு பேசிச் சிரிக்கும் ஒருவருக்கு எப்படி மறுப்பது?

இந்த இடத்தில் நம் குடும்பங்களில் வழங்கும் ஒரு பேச்சைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. "போன பிறவியில் என்ன செய்தாளோ, புத்தகத்தை மிதித்தாளோ, குருவை நிந்தித்தாளோ" என்று திருமண வீட்டுப் பந்தியில்கூடப் பேசுகிறோம். ஞானாவரணீயம் வந்து சேரும் வழிகள் ஆறாம் அத்தியாயத்தில் சொல்லப்பட்டிருப்பது உண்மை. ஞானத்தின்பால் வெறுப்பு, அறிந்ததை மறைத்தல், பொறாமை, பிறர் அறிவதற்கு இடையூறு செய்தல், அவமதித்தல், பழுது கூறி அழித்தல். இவை நமக்கு எச்சரிக்கையாகச் சொல்லப்பட்டவை. அடுத்தவர் சாதகத்தைக் கணிப்பதற்காகச் சொல்லப்பட்டவை அல்ல. இந்த ஆறையும் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சகோதரியைச் சுற்றியிருக்கும் நம்மைப் பார்ப்போம். அவர் கேட்கும்போது, "உனக்குச் சொன்னால் புரியாது" என்று சொல்லாமல் விடுகிறோம். இரண்டாம் முறை கேட்டால் முகம் சுளிக்கிறோம். ஸ்வாத்தியாயத்தில் வாசிக்கும் முறை வந்தால் அவரைத் தாண்டி அடுத்தவரிடம் நூலைக் கொடுக்கிறோம். பிறர் அறிவதற்கு இடையூறு என்பது வேறென்ன? அவர் மேல் உள்ள பழைய திரையைப் பற்றிப் பேசிக்கொண்டே நமக்குப் புதிய திரை நெய்துகொள்கிறோம்.

நற்காட்சியின் எட்டு அங்கங்களை நம் பிள்ளைகளுக்கு அருங்கலச்செப்பிலிருந்து கற்பிக்கிறோம். மூன்றாவது அங்கமாகிய அருவருப்பின்மையை உடற்புண்ணோடு மட்டும் நிறுத்திவிட்டோம். உத்தாயன மன்னன் நோயுற்ற முனிவருக்குப் பணி செய்த கதையைச் சொல்லும்போது, வாந்தியையும் துர்நாற்றத்தையும் விரிவாகச் சொல்கிறோம். ஒரே கேள்வியை நான்கு முறை கேட்பவரிடம் நான்காம் முறையும் முதல் முறை போலவே விடை சொல்வது அவ்வங்கத்தில் சேராதா? நழுவுகிறவரை நிலைநிறுத்தும் ஸ்திதிகரணமும் அப்படியே. வாரிசேணர் தம் நண்பரை விரதத்தில் நிலைநிறுத்தியதைக் கொண்டாடும் நாம், பக்கத்தில் அமர்ந்து எண்ணிக்கையை மெல்ல எடுத்துச் சொல்வதைச் சிறிய வேலையாக நினைக்கிறோம்.

குந்தகுந்தாசாரியர் பாவபாஹுடத்தில் இருவரை அடுத்தடுத்து நிறுத்துகிறார். ஒருவர் பவ்யசேனர். அங்க நூல்களையெல்லாம் கற்றவர். ஆயினும் பாவசிரமணத் தன்மையை எய்தவில்லை. மற்றவர் சிவபூதி. குரு கற்பித்தது எதுவும் அவர் நினைவில் நிற்கவில்லை. உமி வேறு, உளுந்து வேறு என்னும் பொருளுள்ள ஒரு சிறு தொடர்தான் எஞ்சியது. அதையே சொல்லிக்கொண்டு, உடல் வேறு உயிர் வேறு என்னும் பாவனை தூய்மை பெற்றுக் கேவலஞானம் அடைந்தார். பொன்னூர் மலைக்கு ஆண்டுதோறும் சென்று எலாச்சாரியார் திருவடியை வணங்கும் நாம், அவர் எடுத்துக் காட்டிய இந்த மறதிக்கார முனிவரை ஏனோ அதிகம் பேசுவதில்லை. நம் பாடசாலைப் பரிசுகளெல்லாம் ஒப்பித்தவர்களுக்கே போகின்றன. பரிசு வேண்டா என்று சொல்லவில்லை. நாமும் சிறுவயதில் வாங்கியவர்தாம்.

ஆயினும் மறதியை உயர்த்திப் பேசி நோயாளியை மருத்துவரிடமிருந்து விலக்குவது நம் நோக்கமன்று. இந்நோயின் தாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள் 1993 முதல் வந்துகொண்டிருக்கின்றன. தொடக்கத்திலேயே கொடுப்பது நல்லது என்பது இன்றைய மருத்துவர் கருத்து. அறிவுத்திறன் குறைபாட்டை நேரடியாக மாற்றும் மருந்து என்று உறுதியாகச் சொல்லத்தக்கது இல்லை. பயிற்சியும் உடற்பயிற்சியும் ஓரளவு உதவுகின்றன. மனச்சோர்வு இவர்களிடையே மிகுதி. அதுவும் நினைவைக் கெடுக்கும். அதற்கு மருத்துவம் உண்டு. சைவ உணவினராகிய நாம் குறிப்பாக அறியவேண்டியது ஒன்று. பி12 உயிர்ச்சத்துக் குறைந்தாலும் நரம்புறை கெட்டு, மரமரப்பும் தடுமாற்றமும் மறதியும் வரும். அது வேறு நோய், எளிதில் தீர்க்கக்கூடியது. பாலும் தயிரும் உண்பவரிடமும் குறையலாம். ஆகவே மறதி என்றவுடன் வினை என்று உட்கார்ந்துவிடாமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இச்செய்தி நம் ஊர்களில் பலருக்கும் தெரியவில்லை.

விரதங்களைப் பற்றி ஒரு சொல். அறிவு தளரும் நோயுள்ளவர் புதிய விரதம் ஏற்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஏற்கலாம்; பொருள் புரிந்து, தாமே விரும்பி ஏற்கும் வரை. வீட்டார் அவருக்காக ஏற்பதுதான் கூடாது. பெரிய விரதங்களுக்கு இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். சல்லேகனையைச் சொல்லும் சூத்திரத்தில் அன்போடு மேற்கொள்ளுதல் என்னும் பொருள்படும் சொல்லை ஆசாரியர் தேர்ந்ததற்குக் காரணம், வலிந்து செய்விப்பது அங்கே கூடாது என்பதே என்று பூஜ்யபாதர் விளக்கியிருக்கிறார். நோயாளி சுமையாகிவிட்டார் என்னும் எண்ணம் வீட்டில் எவர் மனத்திலேனும் தோன்றினால், அந்த வீட்டில் அச்சொல்லை உச்சரிக்கவே கூடாது என்பது நம் கருத்து.

அந்தச் சகோதரியிடம் சென்று, அன்று நாம் சொன்னது தவறு என்று சொன்னோம். சூத்திரம் கடிந்துகொள்வது அசட்டையை என்றும், நரம்பின் தழும்பை அன்று என்றும் கூறினோம். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. கணக்கு ஆசிரியை அல்லவா? "அப்படியானால் எண்ணிக்கையே வேண்டாமா, ஐயா?" என்றார். எண்ண முடிந்தால் எண்ணுங்கள், எண்ண முடியாத அன்று சொல்லுங்கள், போதும் என்றோம். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். நமக்கு விடை தேவைப்பட்ட வேகத்தில் அவரிடம் விடை எழவில்லை; இந்த முறை காத்திருந்தோம்.

பிறகு அவர் உள்ளே சென்று இரண்டு பித்தளைக் கிண்ணங்களைக் கொண்டுவந்து காட்டினார். ஒன்றில் 108 உளுந்து. பஞ்ச நமஸ்காரம் ஒருமுறை சொன்னதும் ஒன்றை எடுத்து அடுத்த கிண்ணத்தில் போடுவாராம். எழுந்து போய் வந்தாலும் எங்கே நிறுத்தினோம் என்பது கிண்ணத்தில் இருக்கும். விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன், சன்னலோரம் அமர்கிறார். முடிந்ததும் காலிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார். சாமாயிகம் ஆயிற்றா என்ற ஐயம் பகலில் வந்தால் அதைப் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஏற்பாட்டை அவரே கண்டுபிடித்தார். நாம் எதுவும் சொல்லவில்லை. சென்ற மாதம் ஒருநாள் 107 தான் இருந்ததாம். கணவரும் அவருமாகத் தரையெல்லாம் தேடி, பாயின் மடிப்பில் கிடந்த ஒன்றைக் கண்டெடுத்திருக்கிறார்கள்.